மீசை வைத்த பரங்கிக்காய்

தோழி,

நகக்கண்ணில் ஏறிய பார்பிக்யூ கரி இன்னும் போகவில்லை. எழுத உட்கார்ந்த தாளிலும் அப்பிவிட்டது. அப்பட்டும். உனக்கு எழுதும் கடிதம் சுத்தமாக இருந்தால்தான் ஆச்சரியம்.

வெஸ்ட் வின்ட்சரில் நம் தெருவே ஹாலோவீனுக்குப் பரங்கிக்காயைக் குடைந்து உள்ளே விளக்கு வைக்கும். நீ மட்டும் கத்தியைத் தொட மாட்டாய். ஊரில் புது வீட்டு வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணி மாதிரி, முழுக்காயில் கரியால் முட்டைக்கண்ணும் முறுக்கிய மீசையும் வரைவாய். "குடைஞ்சா நாலே நாள்ல அழுகிக் குப்பைக்குப் போயிடும்டி. வரைஞ்சா கழுவிட்டுக் கூட்டு பண்ணலாம்." பெயின்ட் வாங்கி வந்த என்னைக் கடைக்கே திருப்பி அனுப்பினாய். "பெயின்டை யாரு சாப்பிடறது?"

மற்றவர்கள் தூக்கிப் போட்ட அழுகல் காய்களையும் விடமாட்டாய். உன் காரில் ஏற்றி வந்து, மெழுகுவர்த்தியைப் பிடுங்கிவிட்டு, என் தோட்டத்தில் குழிவெட்டிப் புதைப்போம். அடுத்த கோடையில் நான் நடாமலே கொடி ஓடும்.

ஹவுசிங் அசோசியேஷன்காரர் வந்த நாள் நினைவிருக்கிறதா? ஹாலோவீன் முடிந்து ஒரு வாரத்தில் அலங்காரத்தை எடுத்தாக வேண்டும் என்று சட்டம் பேசினார். நீ ஈரத்துணி கொண்டு வந்து, அவர் கண்ணெதிரிலேயே காயின் முகத்தைத் துடைத்தாய். "நௌ இட்ஸ் எ வெஜிடபிள், சார்." அந்த மனிதர் நோட்டை மூடிக்கொண்டு காரில் ஏறினார்.

கீமோ நடந்த ஆண்டும் நீ விடவில்லை. கை நடுங்கி மீசை கோணிப்போயிற்று. "இவன்தான்டி நிஜ ரௌடி" என்று சிரித்தாய்.

நீ இல்லாத முதல் ஹாலோவீன் இது. "இந்த வருஷமாவது சும்மா இரேன்" என்றார் என் கணவர். நான் சும்மா இருந்துவிட்டால் நீ நிஜமாகவே போய்விடுவாய். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. உன் கோண மீசையையே வரைந்து வாசலில் வைத்தேன்.

இன்று காலை அதே மனிதர், அதே சட்டம். துணியை எடுத்தேன், கை எழவில்லை. மற்ற வருடங்களில் துடைத்தது வெறும் கரி. இது உன் மீசை. அவரோ நகர்வதாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன். "வெஜிடபிள்" என்றேன். குரல் உடைந்ததை அவர் கவனித்திருப்பார். கவனிக்கட்டும்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் மறுபடி வரைந்துவிட்டேன், முன்னைவிடத் தடியாக, முன்னைவிடக் கோணலாக. மாதக் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குத்தான் கூட்டு. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் வரட்டும். வாசலில் ஈரத்துணி இருக்கிறது. பக்கத்திலேயே கரியும் இருக்கிறது.