பின்னால் நிற்கிற ஆள்

அக்டோபர் 3, வியாழன். கோர்டெஸ்.

துணி துவைத்தாயிற்று. வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்து நல்ல தண்ணீர் பிடித்தேன். எரிவாயு பாதித் தொட்டிக்கு மட்டும், பதினாறு டாலர். திங்கட்கிழமை விற்கப்போகிற வண்டிக்கு முழுதாக எதற்கு?

மகள் ஜோலீன் போன் செய்தாள். "ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம இவ்ளோ பெரிய ஆர்.வி.ய வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப்போற? அப்பாவும் இல்ல." தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டு வண்டியில் சமையலும் படுக்கையும் என் பொறுப்பு, ஸ்டியரிங் வெர்லினுடையது. அவர் பின்பக்கமாக எடுக்கும்போது நான் வாக்கி டாக்கியோடு வண்டிக்குப் பின்னால் நின்று இடது, வலது, போதும் என்பேன். மார்ச்சில் அவரைப் புதைத்தோம். நெப்ராஸ்காவிலிருந்து இதுவரை, நேரே நுழைந்து நேரே வெளியேறுகிற இடங்களாகப் பார்த்துத்தான் தங்கியிருக்கிறேன்.

விற்பதற்குமுன், பழங்குடிகள் எப்போதோ கட்டிவிட்டுப் போன ஹோவன்வீப் கல் கோபுரங்களைப் பார்த்துவிட வேண்டும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அவர் தள்ளிப்போட்ட இடம். கர்த்தாவே, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தருளும்.

அக்டோபர் 4

மறுபடி இரண்டு தட்டு வைத்துவிட்டேன். ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

அக்டோபர் 5. ஹோவன்வீப்.

முகாமில் காலியாக இருந்தது ஒரே இடம். பின்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். அழுதேனா? அழுதேன், எழுதினால் என்ன.

பக்கத்துக் கூடாரத்துப் பெண் வந்து கண்ணாடியைத் தட்டினாள். டெல்ஃபினா. தெற்கே ஸூனி என்ற பழங்குடி ஊர்க்காரி, வருஷா வருஷம் வருகிறவளாம்.

"பின்னாடி யாரு நிக்கிறா?"

"யாருமில்ல."

"அப்ப நான் நிக்கிறேன், குடு அத."

என் வாக்கி டாக்கியை அவளிடம் கொடுத்தேன். அவருடையதை நான் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அதைக் கையில் பிடித்ததே இல்லை.

"வாக்கா, வா, இன்னும் வா... நில்லு, நில்லு. அந்த ஜூனிப்பர் மரம் உனக்கு என்ன பண்ணுச்சு?"

ஓட்டுகிறவருக்குப் பின்னால் எதுவுமே தெரியாது. அந்தக் குரல் மட்டும்தான். என் குரலை நம்பியா இவ்வளவு காலமும்— ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீங்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

வேதம் வாசித்துவிட்டுப் போனேன். பள்ளத்தாக்கின் விளிம்பில் கூரையில்லாத கோபுரங்கள். கல்லுக்கிடையே பூசிய மண்ணில் விரல் தடம், என் விரலைவிடச் சிறியது. தொடவில்லை. இவ்வளவு கட்டிவிட்டு எல்லோரும் எங்கே போனார்கள் என்று டெல்ஃபினாவிடம் கேட்டேன்.

"தெக்கால போனாங்க. அவங்க வீட்டுப் பொண்ணுதான நேத்து உன் வண்டிக்குப் பின்னாடி நின்னுச்சு" என்று சிரித்தாள்.

மத்தியானம் கிளம்பிவிட்டாள். வாக்கி டாக்கி அவள் சட்டைப்பையிலேயே போய்விட்டது. பொத்தானை அழுத்தி "டெல்ஃபினா?" என்றேன். வெறும் இரைச்சல். "வெர்லின்?" என்றும் கேட்டுவிட்டேன். தேவன் மன்னிக்கட்டும்.

அக்டோபர் 7

வண்டியை வாங்க வருகிறவரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜோலீனுக்குக் கோபம். பின்னால் யார் நிற்பார் என்றாள். நான்தான் என்றேன்.

அக்டோபர் 8. ஃபார்மிங்டன்.

பின்பக்கமாக நுழைகிற இடமாகவே கேட்டு வாங்கினேன். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன், ஏறிக் கொஞ்சம் நகர்த்தினேன், மறுபடி இறங்கினேன். பக்கத்து வண்டிக்காரர் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார். கோணலாகத்தான் நிற்கிறது. நிற்கட்டும்.

நாளை சாக்கோ, அதுவும் அவர்கள் விட்டுப்போன கல் ஊர்தான். பாதை மோசமாம்.

முட்டை, ரொட்டி, காபித்தூள். எரிவாயு, முழுத் தொட்டி.