லேமினேஷன் போட்ட குடியுரிமை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூவரும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். இதற்குப் பெயர் சுகம் என்றால் சுகம்தான். அம்மாவும் நீயும் அத்தானும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவர் இவர்தான். இவருக்குப் பின்னால் நான் வருகிறேனா என்று வாசலை எட்டிப் பார்க்காதே. நான் வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நான் அழுவேன், நடுவில் அத்தான் போனை வாங்கி, "என்ன மேடம், புது நாடு உங்களை விடமாட்டேங்குதா?" என்பார். அதற்குச் சிரிக்க இப்போது என்னிடம் தெம்பு இல்லை. அதனால் எழுதுகிறேன். இவர் பிரித்துப் படிக்க மாட்டார், அந்த விஷயத்தில் கண்ணியமானவர். படித்தாலும் அவருக்குத் தெரியாத சேதி இதில் ஒன்றும் இல்லை.

காகிதச் சிக்கலால் பயணம் தள்ளிப் போகலாம் என்று நான் போனில் சொன்னதற்கு, அம்மாவைவிட உனக்குக் காகிதம் பெரிசாப் போச்சா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அந்த வரியில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாய், மறுபக்கம் தடவினால் கையில் தட்டுகிறது. கோபமாக எழுதினாலும் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறாய். பதில் சொல்கிறேன். பெரிதுதான் அக்கா. நான் பெரிதாக்கவில்லை, ஆனால் அது பெரிதாக நின்று வழியை மறித்துக்கொண்டிருக்கிறது.

குடியுரிமை வாங்க ஆசைப்பட்டு நாங்கள் வாங்கவில்லை. இவர் வேலை பார்க்கும் கிடங்கில் ஆட்குறைப்பு என்று பேச்சு வந்தால் முதலில் வெளியாட்கள் பெயரைத்தான் எடுப்பார்கள். வீட்டுக் கடன் பாதியில் நிற்கிறது, மகள் படிப்பு பாதியில் நிற்கிறது. வேறு வழியில்லை என்று மனு போட்டோம். பரீட்சைக்கு நான் மகளுடைய பழைய பள்ளிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றபடியே படித்தேன். ஒரு பெரிய மண்டபத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னோம். பழைய நாட்டுப் பற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன் என்று அதில் ஒரு வரி வரும். அந்த வரி வரும்போது உதட்டை மட்டும் அசைத்துவிட்டு, மனதுக்குள் ஆண்டவன் பெயரைச் சொன்னேன். இதை யாரிடமும் சொல்லாதே.

அதற்கப்புறம் நம் நாட்டு அலுவலகத்தில் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தேன். என் கண்முன்னே அதன் மூலையைக் கத்தரித்து, உள்ளே ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். நம் நாடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இனி அது உங்கள் நாடு.

ஆக, கையில் இருந்தது ஒரே ஒரு சான்றிதழ். கெட்டிக் காகிதம், இடது பக்கம் என் போட்டோ, அதன்மேல் பாதி படும்படி அமுக்கிக் குத்திய முத்திரை. புது பாஸ்போர்ட்டுக்கு மனு போடும்போது இந்தச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு பேரும் ஒன்றாகப் போட்டுவிடலாம் என்றேன். இவர்தான், "முதல்ல என்னோடது போகட்டும். ஏதாவது தப்பு வந்தா உன்னோடதுல திருத்திக்கலாம்ல" என்றார். என் நல்லதுக்கென்று சொன்னதுதான்.

இவருடையது போயிருந்த சமயத்தில் என்னுடையது பீரோவில் இருந்தது. நம் வீட்டுப் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. மதிப்பான காகிதம் கையில் வந்தால் மறுநாளே லேமினேஷன். உன் மதிப்பெண் பட்டியல், என் பிறப்புச் சான்றிதழ், அத்தானின் ஓட்டுநர் உரிமம், எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் மினுமினுவென்று இருக்கும். இவர் வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், ஒரு உறையை மேசைமேல் வைத்து, "பிரிச்சுப் பாரு" என்றார். புடவை எடுத்து வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே என் குடியுரிமை, கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. கெட்டி பிளாஸ்டிக்காகப் போடச் சொன்னாராம். தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் உறுதி சொன்னாராம். எனக்கும் சந்தோஷம்தான் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக் கும்பிட்டேன். வீட்டுக் கணக்கில் பாதுகாப்புச் செலவு என்று தனித் தலைப்புப் போட்டு எழுதினேன்.

அப்போதுதான் உன் போன் வந்தது. அம்மா சாப்பிட்டதையே மறந்து மறுபடி தட்டு கேட்கிறாள், தெரு முனைக் கடைக்குப் போனவளை யாரோ கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள் என்று சொன்னாய். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஆளுங்க ஞாபகம் கொஞ்ச நாள்தான் இருக்கும், பார்க்கணும்கிறவங்க இப்பவே வந்து பார்த்துடுங்கன்னாரு" என்றாய். அன்றே டிக்கெட் எடுத்தோம், எனக்கும் இவருக்கும். மகளுக்குப் பரீட்சை. இவருடைய பாஸ்போர்ட் அதற்குள் வந்துவிட்டது. எனக்கு அவசர மனு போட்டுவிடலாம் என்று இருவரும் அலுவலகம் போனோம்.

கவுன்ட்டரில் இருந்த பெண் என் மகளைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வளைத்துப் பார்த்தாள், அது டப் என்று சத்தம் போட்டது. முத்திரை இருக்கும் இடத்தை விரலால் தடவினாள். பிளாஸ்டிக்குக்குமேல் என்ன தட்டும்? இது செல்லாது என்றாள். எழுத்து எல்லாம் தெளிவாகத் தெரிகிறதே என்று இவர் கேட்டதற்கு, தெரிவது பெரிதில்லை, தொட்டுப் பார்க்க முடிய வேண்டும், மூடி ஒட்டினால் ரத்து என்று பின்பக்கமே போட்டிருக்கிறது என்றாள். திருப்பிப் பார்த்தோம். பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தது. அதையும் சேர்த்து நன்றாக லேமினேட் செய்திருக்கிறார்கள்.

மாற்றுச் சான்றிதழுக்கு மனு போட வேண்டுமாம். வர ஒரு வருஷத்துக்குமேல் ஆகுமாம். கேட்டுவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். வீட்டுக்கு வந்ததும் மகள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்பா, அம்மாவை ஒருவழியா பிளாஸ்டிக் போட்டு மூடிட்டீங்க" என்றாள். அவள் சிரிப்புக்காகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை, பாவம், அவளும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. இங்கே பிறந்ததால் தலை நிற்காத வயதிலேயே பாஸ்போர்ட் வந்துவிட்டது. அந்தப் போட்டோ எடுக்கும்போது நான் ஒரு வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவள் தலையைத் தாங்கிப் பிடித்தேன். படத்தில் நான் தெரியக் கூடாதாம்.

இவர் அத்தோடு விட்டிருக்கலாம். கிடங்கில் யாரோ ஒரு நண்பர், இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்துத் தேய்த்தால் பிளாஸ்டிக் கழன்று வந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்று நான் சொன்னேன். சரி சரி என்றார். நான் காய்கறி வாங்கிவரப் போயிருந்த நேரத்தில் மேசையில் துண்டை விரித்து, இஸ்திரியும் பிளேடுமாக உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டிக் கழன்றது. அதோடு என் போட்டோவும் கழன்றது. முத்திரை பாதி காகிதத்தில், பாதி பிளாஸ்டிக்கில். நான் உள்ளே வந்தபோது அந்த பிளாஸ்டிக் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகம் அதில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிற்று. நான் பையை வைத்துவிட்டுக் கத்தரிக்காயைக் கழுவ ஆரம்பித்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

அன்றிலிருந்து இவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பாத்திரம் கழுவுகிறார். சோப்புப் போகாமல் அடுக்கி வைக்கிறார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் மறுபடி எடுத்துக் கழுவுகிறேன்.

இருந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை. அவசரப் பயணத்துக்கென்று தனியாக ஓர் அதிகாரி இருக்கிறார் என்று விசாரித்து, நீ அனுப்பிய டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். மெலிந்த மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா என்று கேட்டார். வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன். உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்றார். இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், நடக்கிறாள் என்றேன். அப்படியானால் அவசரம் என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்த ஊர் மொழியில் சொன்னேன்: "அம்மா என்னை மறந்துக்கிட்டு வர்றாங்க. முழுசா மறக்கறதுக்குள்ள போகணும்."

அவர் சீட்டை மடித்து என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அதுக்குத் தனியா விதி இல்லைம்மா. ஏதாவது ஆனா உடனே வாங்க, அன்னிக்கே ஒரு பயணத் தாள் போட்டுத் தந்துடுவோம்" என்றார்.

ஏதாவது ஆனால் என்றால் என்ன என்று உனக்கே தெரியும். அம்மா என்னைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் வரை எனக்கு வழி கிடையாது. அவள் கண்ணை மூடிவிட்டால் அன்றைக்கே கதவு திறந்துவிடும். மறுநாள் காலை விளக்கின் முன் நின்று வழக்கம்போல எல்லோருக்காகவும் வேண்டிக்கொண்டு வந்தேன். அம்மாவின் முறை வந்தபோது, அவள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால்கூட என்று நினைப்பு ஒரு கணம் அந்தப் பக்கம் போய்விட்டது. அப்படியே விளக்கைவிட்டு விலகி வந்துவிட்டேன். அதற்கப்புறம் சில நாள் என்னால் வாய்விட்டுப் பிரார்த்தனை செய்ய முடியவில்லை. ஒரு அலுவலகம் என்னை ஆண்டவன் முன்னாலேயே இப்படி ஆக்கிவிட்டது. இதைவிட வேறென்ன கேவலம் வேண்டும் எனக்கு?

இவர் மட்டும் ஏன் வருகிறார் என்று கேட்பாய். நானும் கேட்டேன். என் டிக்கெட்டை ரத்து செய்தபோது இவருடையதையும் சேர்த்து ரத்து செய்யச் சொன்னேன். அவருடைய அண்ணன் வீட்டுப் பாகப்பிரிவினைக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது என்றார். விருந்தாளி விசா வந்துவிட்டது என்றார். கடைசியில், "ரெண்டு பேர்ல ஒருத்தராவது போய்ப் பார்த்துட்டு வரலாமில்ல. நான் போகலைன்னா மட்டும் உனக்கு பாஸ்போர்ட் வந்துடுமா?" என்றார். வராதுதான். அதனால் அவர் சட்டைகளை நானே தேய்த்து மடித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், அதே இஸ்திரிப் பெட்டியால். அவரைக் கடிந்து பேசாதே. கடிய வேண்டியதை நான் இங்கேயே வஞ்சனையில்லாமல் செய்துவிட்டேன். நல்ல காபி ஒன்று போட்டுக் கொடு. அத்தானிடம் சொல்லி வை, லேமினேஷன் பற்றிக் கேலி பேசினால் இவர் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

பெட்டியில் அம்மாவுக்கு இரண்டு பருத்திச் சேலை, மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். செருப்பின் அளவு ஞாபகத்தில் வாங்கியது, பெரிதாக இருந்தால் முன்னால் பஞ்சு வைத்துக் கொடு. உனக்கு முட்டிவலித் தைலம். அத்தானுக்கு ஒன்றும் வாங்கவில்லை, மறந்துவிட்டேன் என்று சொல்லாதே, அடுத்த முறை என்று சொல்.

நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததற்கு வருகிறேன். அம்மா இப்போதெல்லாம் உன்னை, "சின்னதே, எப்ப வந்தே?" என்று கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கை மாற்றுவது நீ, கூப்பிடுவது என்னை. "நான் பெரியவம்மா" என்று நீ திருத்துகிறாய். அவள் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்போ சின்னது எங்கே என்று அழுகிறாள். "இத்தனை செய்தும் என் பேர் அவள் வாயில் இல்லையே" என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நீ அழுத்தி எழுதவில்லை. எழுத்தே மங்கலாக இருக்கிறது.

அக்கா, நீ செய்வதில் பாதிகூட நான் அவளுக்குச் செய்ததில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் எனக்கும் வயிறு எரியும். அப்படியிருந்தும் உன்னிடமே கேட்கிறேன், வேறு யாரிடம் கேட்பேன்? இனிமேல் அவளைத் திருத்தாதே. சின்னதே என்று அவள் கூப்பிட்டால் நிமிர்ந்து பார். எப்ப வந்தே என்று கேட்டால், "இப்பத்தாம்மா வந்தேன்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார். இத்தனை நாள் ஏண்டி வரலை என்று திட்டுவாள், அடிக்கக்கூட கை ஓங்குவாள். அதையும் என் சார்பில் வாங்கிக்கொள். திட்டி முடித்ததும் தலையைத் தடவுவாள். அதை நீ வைத்துக்கொள்.

ஆண்டவன் உன் கைகளுக்கு வலுவைக் கொடுக்கட்டும்.

உன்னை நம்பியிருக்கும்,
தங்கை