மூன்று என்று சொன்னது நான்

1987 பெப்ரவரி 9, திங்கள்

குளிர் -21. பஸ் பிந்தியது. வாங்க: பால், பருப்பு, இவருக்குக் கையுறை.

தையல் பக்டரியில் பக்கத்து மெஷின் ரோசா, மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். எல் சல்வதோர்க்காரி. எங்களைப் போல அகதி. பிரெஞ்சும் தெரியாது, இங்கிலிஷும் தெரியாது. அவளிடமிருந்து நான் பழகிய அரைகுறை ஸ்பானிஷ்தான் துணை. டாக்சியில் ஆஸ்பத்திரி.

நேர்ஸ் இங்கிலிஷில் கேட்டாள், ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று. விரல்களை விரித்துக் காட்டிக் கேட்டேன். ரோசா எண் சொல்லவில்லை. "அகுவாந்தோ" என்றாள். தாங்குகிறேன். விரலில் ஊசி ஏறின அன்றும் இதைச் சொல்லிவிட்டுத்தான் தைத்தாள்.

நேர்ஸ் பேனாவோடு நின்றாள். "ஏதாவதொரு நம்பர் வேணும்."

மூன்று என்றேன்.

காத்திருக்கிற வாங்கில் இருத்திவிட்டார்கள். நாலு மணித்தியாலம். அழவில்லை. என் கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி இருந்தாள். முகம் சாம்பலாகப் போனதும் கத்தினேன், தமிழில். அதற்குப் பிறகுதான் ஓடி வந்தார்கள்.

பெப். 10, செவ்.

அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்டதாம். ஒப்பரேஷன் முடிந்தும் கண் திறக்கவில்லை. சமைக்கவில்லை. பாண்தான்.

இவர் கேட்டார்: "நீர் ஏன் மூண்டெண்டு சொன்னனீர்?"

"தாங்குறன் எண்டவள். கூடச் சொன்னாப் பொய் எண்டு நினைப்பினமோ எண்டு பயந்திட்டன்."

"அது ஆஸ்பத்திரியப்பா. இமிகிரேஷன் இல்லை."



பெப். 12, வியா.

ரோசா விடியப் போய்விட்டாள். வயது முப்பத்தொன்று.

துணி வெட்டுகிற கார்மென் சிலி நாட்டுக்காரி, இங்கிலிஷ் தெரிந்தவள். அவளிடம் அந்தச் சொல்லைக் கேட்டேன். "பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வலி குறைவு என்றில்லை" என்றாள். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன்.

பெப். 14, சனி

பனி கொட்டியது. அடக்கம். ரோசாவின் கணவன் மனுவேலுக்கு இரவல் கோட், கை நீளம். அவனிடம் சொல்லத்தான் போனேன். "யோ" என்று தொடங்கினேன், நான் என்று. பிழை, பயம், இரண்டுக்கும் ஸ்பானிஷில் சொல் தெரியவில்லை. அவன் நிறையச் சொன்னான். அவளைத் தனியே விடாததற்கு நன்றி என்பது மட்டும் விளங்கியது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். நான் இழுத்தேன். விடவில்லை.