நெடுஞ்சாலை லோன்றியில் நாங்கள் இருவர்

அண்ணை,

இன்று காலை இங்கே மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பஸ் தரிப்புக்குப் பக்கத்திலுள்ள லோன்றியில் என் கறுப்புக் கோட்டைச் சலவைக்குக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை, அதற்குப் போட வேண்டும். கடைப் பெண் “பொன்ஜூர்” என்றபடி கழுத்துப்பட்டியைப் புரட்டி, இலக்கம் அடித்த ஒரு காகிதத் துண்டைக் குத்தினாள். உள்ளேயிருந்து நீராவியும் கஞ்சியும் கலந்த அந்தச் சூட்டு மணம் வந்தது. அசையாமல் நின்றுவிட்டேன். “முஸ்யூ, சா வா?” என்று சுகம் கேட்டாள். “ஓம், ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ்கள் வந்து போயின. ஏறவில்லை.

போன கிழமை அக்கா, உங்கள் மனைவி, கேட்டிருந்தார். “தம்பி, நினைவு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. கலியாணத்துக்கு முன்னம் அவர் வனாந்தரத்திலை இருந்த காலம் உங்களுக்குத்தானே தெரியும்.” மூன்று முறை எழுத இருந்து பார்த்தேன். ‘அன்பும் பண்பும் நிறைந்தவர்’ என்று தொடங்கி மூன்று முறையும் கிழித்தேன். வாசித்தால் நீங்களே, “ஆரடா இந்த ஆள், எனக்குத் தெரியாதே?” என்று கேட்பீர்கள். மலருக்கு வேறு எழுதிக் கொடுக்கலாம். இது உங்களுக்கு.

அரபுப் பாலைவனத்தில் நாங்கள் வேலை செய்த அந்த இடத்தை ஊர் என்று சொல்லலாமா என்று நாங்கள் எத்தனை தரம் சண்டை பிடித்திருப்போம்! நெடுஞ்சாலையின் இரு கரையிலும் கடைகள், கடைகளுக்குப் பின்னால் மணல். ஒரு பெற்றோல் ஷெட், நாலைந்து ரயர்க்கடைகள், மலையாளிகளின் சாப்பாட்டுக்கடை, ரொட்டி சுடும் போறணை, உதிரிப்பாகக் கடை, பள்ளிவாசல், எங்கள் லோன்றி. அங்கே பிறந்தவன் என்று ஒருத்தனும் இல்லை. வருகிறவர்களும் ரயர் மாற்றி, தண்ணீர் வாங்கி, சோறு தின்று போய்விடுவார்கள். “இது ஊரில்லையடா, நீட்டுக்குப் போட்ட சந்தை” என்பீர்கள். தொழுகை நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு எல்லாக் கடைக்காரரும் சுவரோரம் கிடக்கும் ஒரு முழம் நிழலில் வரிசையாகக் குந்தியிருப்போம். அந்த வரிசையில் யார் யாருக்குக் கடிதம் வந்தது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள்.

லொறிச் சாரதிகள் வடக்கே போகும்போது அழுக்கைத் தருவார்கள், திரும்பி வரும்போது எடுப்பார்கள். பெயர் கேட்டால் பாதிப் பேருக்கு ஒரே பெயர். எங்கள் இருவருக்கும் அரபு எழுத வராது. அதனால் ஒவ்வொரு சட்டையின் கழுத்துப்பட்டிக்கு உள்ளேயும் தமிழில் பட்டப்பெயர் எழுதும் வழக்கத்தை நீங்கள்தான் தொடக்கி வைத்தீர்கள். ‘மூக்குப்பொடி’, ‘வெங்காயம்’, ‘பெரிய வண்டி’, ‘சின்ன வண்டி’. “தமிழ் வாசிக்கிறவன் இந்த ரோட்டிலை வரமாட்டான், பயப்படாமல் எழுது” என்றீர்கள். வந்தான். எங்களோடு நாலு மாதமாக ஹிந்தியிலேயே பேசிக்கொண்டிருந்த ஒரு சாரதி தஞ்சாவூர்க்காரர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் சட்டையைப் புரட்டிப் பிடித்தபடி உள்ளே வந்தார். “ஏங்க, நாலு மாசமா ‘தூங்குமூஞ்சி’ன்னு கழுத்துல எழுதிக்கிட்டா ரோடு ரோடா திரியுறேன்?” நான் கொதிகலனுக்குப் பின்னால் ஒளிந்தேன். நீங்கள் அசையவில்லை. “அது உங்கடை பேர் இல்லைத் தம்பி, எழுதினவன்ரை பேர். பாருங்கோ, அங்கை நிக்கிறான்” என்று என்னைக் காட்டினீர்கள். மனுஷன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே இருந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு ஊறுகாய் கொண்டு வராமல் அவர் ஒரு பயணமும் வந்ததில்லை.

சட்டைப்பைகளைப் பார்ப்பது உங்கள் வேலை. “பொக்கற்றைப் பாக்காமல் ஒரு உடுப்பும் தண்ணியிலை இறங்கக்கூடாது” என்பது உங்கள் சட்டம். பிள்ளைகளின் படங்கள், மருந்துச் சீட்டுகள், ஒருமுறை ஒரு கட்டுப்பல்! எல்லாவற்றையும் துடைத்துத் தட்டில் அடுக்கி வைப்பீர்கள். நானும் என் உடுப்பை அந்தக் கூடைக்குள்தான் போடுவேன்.

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் ஒருவன் விடுமுறையில் போனால் மற்றவன் நிற்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டார். மூன்று வருடத்துக்குப் பிறகு உங்கள் முறை வந்தது. உங்களைப் பார்ப்பதற்கென்றே உங்கள் அம்மா யுத்தத்தால் பாதை பூட்டியிருந்த யாழ்ப்பாணத்தில் ஆமியிடம் பாஸ் எடுத்து, கப்பலேறி, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறையில் வந்து இருக்க ஏற்பாடு. அந்தக் கிழமைதான் எனக்கும் கடிதம் வந்தது. என்னை அழைக்க மொன்றியலிலிருந்து மனைவி போட்ட ஸ்பொன்சர் மனுவுக்குக் கொழும்பில் நேர்முகம், உங்கள் விடுமுறையின் நடுவிலே திகதி. சாப்பிடாமல் படுத்துக் கிடந்தேன். நீங்கள் வந்து என் காலைத் தட்டினீர்கள். “நீ போ. நான் பேந்து போறன். அம்மா எங்கை ஓடப்போறா?”

அந்தக் கடிதத்தின் கடைசி வரியில், வர முடியாவிட்டால் வேறு திகதி கேட்டு எழுதலாம் என்று இருந்தது. நான் அதை உங்களுக்குச் சொல்லவில்லை. பயம், அண்ணை. இதை விட்டால் இனிக் கிடைக்காது என்ற பயம். இரண்டு மாதத்தில் திரும்பி வருவேன் என்று உங்கள் கையைப் பிடித்துச் சொன்னேன். விசா கிடைத்ததும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நேரே இங்கே வந்துவிட்டேன். என் இடத்துக்கு முதலாளி வேறு ஆள் பிடிப்பதற்குள், மறு கப்பலில் ஊருக்குத் திரும்பிய உங்கள் அம்மா காலமாகிவிட்டார். அந்தச் செய்தியும் முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகுதான் உங்களுக்குக் கிடைத்தது.

ஐந்து வருடம் கழித்து நீங்களும் கலியாணம் முடித்து இந்த நகரத்துக்கே வந்தீர்கள். விமான நிலையத்தில் என் முகத்தை நிமிர்த்தவே எனக்குத் தெம்பில்லை. நீங்களோ கட்டிப்பிடித்து, என் கழுத்துப்பட்டியைப் புரட்டிப் பார்த்து, “என்னடா, இப்ப உனக்கு ஆர் பேர் வைக்கிறது?” என்றீர்கள். பிறகு இத்தனை காலமும் ஒரே கட்டடத்தில், இரண்டு மாடி இடைவெளியில் இருந்தோம். என் பிள்ளைகளைப் பனிக்குள்ளால் குழந்தைகள் காப்பகமான கார்டெரிக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் நான் பனியைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ தொடங்கிவிடுவேன். நீங்களும் என் பேச்சோடு வந்துவிடுவீர்கள். மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இன்று அந்த வாங்கிலிருந்து எழுந்து நேரே அக்காவிடம் போனேன். கடிதத்தில் இருந்த கடைசி வரியைச் சொன்னேன். அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அது அவருக்குத் தெரியும், தம்பி. கடிதம் உங்கடை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை கிடந்ததாம். தோய்க்கப் போட முன்னம் எடுத்து வாசிச்சவர்.”

“அப்ப ஏனக்கா என்னை விட்டவர்?”

“‘மனிசியைப் பாத்து மூண்டு வருசம், போகட்டும்’ எண்டு விட்டவராம். அதிலை அவருக்கு ஒரு கோவமும் இல்லை.” மேசையில் சிந்திய தேத்தண்ணியைத் துடைத்தார். “ஒண்டுதான் மனக்குறை. மாமி அண்டைக்கு வெள்ளவத்தையிலை உங்களோடை என்ன கதைச்சவ எண்டு நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையாம். நான் கேக்கவோ எண்டாலும் விடமாட்டார். ‘அவன் தானாச் சொல்லுவான், கேட்டால் வெக்கப்படுவான்’ எண்டு பாத்துக்கொண்டே இருந்தவர்.”

பாவி நான், அண்ணை. வேறு திகதி கேட்கலாம் என்பதை மறைத்ததைத்தான் இத்தனை காலமும் குற்றம் என்று சுமந்து திரிந்தேன். உங்களுக்குப் பதிலாகப் போய் உங்கள் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தவன் நான். இரண்டு மாடி ஏறி வந்து சொல்லியிருக்கலாம். ஆசுப்பத்திரியில் உங்கள் கட்டிலருகே இருந்த அத்தனை மத்தியானங்களில் ஒன்றிலாவது சொல்லியிருக்கலாம். ஹொக்கி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

மத்தியான நேரம். வெள்ளவத்தை அறையின் கதவைத் தட்டினேன். அம்மா திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்தார். “அவன் கீழை நிக்கிறானோ, பெட்டி தூக்க?” என்று கேட்டார். நீங்கள் வரவில்லை என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கதவை அகலத் திறந்துவிட்டார். பிறகு, “கையைக் கழுவு தம்பி, சோறு ஆறுது” என்றார்.

அந்தச் சின்ன அறையில், ஒற்றை அடுப்பில், காலையிலிருந்து சமைத்திருக்கிறார். சோறு, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், அப்பளம். எனக்கு இறங்கவில்லை. அவர் எதிரில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். “மெலிஞ்சிட்டானோ?” இல்லையம்மா என்றேன். “இப்பவும் கறிவேப்பிலையைப் பொறுக்கி வைக்கிறவனோ?” ஓமம்மா, தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குவார் என்றேன். அதற்குச் சிரித்தார். நன்றாகச் சிரித்தார், அண்ணை. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போதும் என்று கையை எடுத்தேன். விடவில்லை. சட்டியில் இருந்த கணவாயை வழித்து என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார். “இது அவன்ரை பங்கு. நீ சாப்பிடு. நீ வயிறு நிறையச் சாப்பிட்டனி எண்டு அவனிட்டைச் சொல்லு. சின்னனிலையும் சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு வந்து தன்ரை சோத்துக் கோப்பையைக் குடுக்கிறவன். கேட்டால் சந்தோசப்படுவான்.”

நான் படியிறங்கி வாசலுக்கு வந்த பிறகும் மேலே நின்று கூப்பிட்டார். “தம்பி, மறக்காமல் சொல்லு, என்ன!”

ஓமம்மா, சொல்லுறன் என்றேன்.

சாப்பிட்டேன், அண்ணை. ஒரு பருக்கை மிச்சம் விடாமல், வயிறு நிறையச் சாப்பிட்டேன்.