வீமனுக்கு நான் எழுதிய அறிவித்தல்

ஓகஸ்ட் 3, ஞாயிறு

இந்தக் கொப்பியை யாராவது திறந்தால் கோபிக்க வேண்டாம். என் எழுத்துக்கள் கோட்டில் நிற்காமல் கீழே கீழே இறங்குகின்றன. ஐம்பத்தைந்து வருடம் மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனை மிகவும் மெலிந்த சாமான். ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் போகிறது. போகட்டும். சனசமூக நிலையத்தில் எங்களுக்கு எழுத்துப் பழக்கும் கீர்த்திகா ரீச்சர், "ஐயா, நடக்கிறதை எழுதுங்கோ, கை தானாத் திருந்தும்" என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெயர் ஏரம்பு. இதை எழுதியது நானேதான்.

நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறியதிலிருந்து வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. தீர்த்தத் திருவிழா முடியும்வரை சோறும் பருப்பும் கீரையும்தான். நாய் வீமனுக்கும் அதுதான். இன்று அவன் பருப்புச் சோற்றைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் மனைவி இராசமலர், "விரத வீட்டு நாய்க்கும் விரதந்தான். அவரைப் பாக்காதை, தின்" என்றாள்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்து வீமனைக் காணவில்லை. வருவான்.

ஓகஸ்ட் 6, புதன்

வரவில்லை.

ஒன்பது வருடமாகத் தோட்டத்துக்குப் போகும்போது அவன் முன்னால், நான் பின்னால். பாம்பு கிடந்தால் நிற்பான், நானும் நிற்பேன். இன்று முன்னால் போகத் தெரியாமல் வாசல் படலையடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

எங்கள் நீர்வேலியில் எத்தனை வாழைத்தோட்டம் என்று இன்றுதான் கால் சொல்லியது. ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். தண்ணீரும் என் முகமும்தான். பெரிய றோட்டில் வாகனம் ஏதும் அடித்திருக்குமோ? இரு பக்கமும் பார்த்தபடி நடந்தேன். ஒன்றும் கிடக்கவில்லை. அது நல்லதுதானே?

ஓகஸ்ட் 8, வெள்ளி

இல்லை. இராசமலர் அவனுடைய சோற்றுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ஓகஸ்ட் 9, சனி

இன்று அறிவித்தல் எழுதினேன். ஊருக்கு என் கையால் எழுதிய முதல் எழுத்து. அறிவித்தல் எப்படி எழுதுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுத்துக் கூட்டப் பழகியதே சந்தி மதிலில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்களைப் பார்த்துத்தான். சுற்றிவரத் தடித்த கறுப்புக் கோடு அடித்தேன். உள்ளே எழுதியது இது:

"நீர்வேலியைப் பிறப்பிடமாகவும் ஏரம்பு வளவை வதிவிடமாகவும் கொண்ட வீமன் அவர்கள் கடந்த செவ்வாய்க்கிழமை காணாமற் போய்விட்டார். அன்னார் ஏரம்பு இராசமலர் தம்பதிகளின் அன்பு நாய் ஆவார். வலது காது கிழிந்தவர். கண்ட உற்றார் உறவினர் நண்பர்கள் அறியத் தரவும்."

ஐந்து பிரதி. விரல் நோகிறது. ஆனால் வடிவாக வந்திருக்கிறது. கஞ்சி காய்ச்சி ஒட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் எட்ட நின்று ஒருமுறை வாசித்தேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு அருளம்பலம் வெள்ளை வேட்டியும் குடையுமாக வந்தான். பக்கத்துத் தோட்டக்காரன், சின்ன வயதுச் சிநேகிதன். படலையில் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டான்: "எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?"

"எதையடா?"

"கறுப்புக் கோடும் உன்ரை பேரும் கண்டன். கண்ணாடி கொண்டு போகேல்லை. இராசமலருக்கு ஏதோ எண்டெல்லோ ஓடிவாறன்."

இராசமலர் கையில் அகப்பையோடு வெளியே வந்தாள். அருளம்பலம் குடையை நழுவ விட்டான்.

அவனுக்குப் பிறகு இன்னும் நாலு பேர். ஒருவர் மலர்மாலையும் கொண்டுவந்தார். இராசமலர் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். கடைசி ஆள் போனதும் என்னிடம் வந்து நின்றாள். "உயிரோடை திரியிற சீவனுக்கு ஆரும் உப்பிடி எழுதுவினமோ?" குரல் உடைந்துவிட்டது. அவளுக்கும் அவன் மேல் இவ்வளவு இருந்ததா? எனக்குத் தெரியாமலா?

போய் ஐந்தையும் கிழித்தேன். என் எழுத்தை நானே கிழித்தது இதுதான் முதல்தடவை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

அருளம்பலம் இந்தக் கதையைக் காணும் ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்துத் திரிகிறான். நல்லதாகப் போயிற்று. குருநகரில் மீன் விற்கும் யசிந்தா, தேவாலயத் திருநாளுக்கு இன்னும் வாழைக்குலை வேண்டுமென்று அவனுக்குப் போன் எடுத்திருக்கிறா. அவவுக்கும் சொல்லியிருக்கிறான். அவ சிரிக்கவில்லையாம். "வலது காது கிழிஞ்ச நாயோ?" என்று கேட்டாவாம்.

போன செவ்வாய் அவ மீன் ஏற்றும் வாடகை ஓட்டோவில்தான் அருளம்பலத்திடம் குலை ஏற்ற வந்திருக்கிறா. குலைகளுக்குள் வீமன் ஏறிப் படுத்துவிட்டான். அவ ஓட்டோக்காரனின் நாய் என்று நினைத்தா. ஓட்டோக்காரன் அவவின் நாய் என்று நினைத்தான்.

உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். இதை இரண்டு தரம் எழுத ஆசையாக இருந்தது.

ஓகஸ்ட் 13, புதன்

இரண்டு பஸ் மாறிக் குருநகர் போனேன். வீமன் கடற்கரையில் ஒரு மீன்பிடி வள்ளத்தின் நிழலில் படுத்திருந்தான். வயிறு பெருத்திருந்தது. என்னைக் கண்டு ஓடிவந்து கையெல்லாம் நக்கினான். பிறகு திரும்பிப் போய் யசிந்தாவின் வாசலில் இருந்துகொண்டான்.

"ஐயா, அவன் உங்களோடை கோவமில்லை. உங்கடை பருப்போடைதான் கோவம்" என்றா யசிந்தா.

கயிறு போட்டு ஓட்டோவில் கொண்டுவந்தேன். அவன் கழுத்தில் கயிறு ஏறியது இன்றுதான்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை. றோட்டுப் பக்கமே பார்க்கிறான். அவிழ்த்தால் போய்விடுவான். கட்டி வைத்தால்தான் நிற்பான் என்றால் அவன் எனக்கு என்ன வீமன்? திரும்பக் குருநகரில் விட்டுவிடுவோமா என்று இராசமலரிடம் கேட்டேன். அவள் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் கிணற்றடிக்கு அங்கால் புகை கண்டு போனேன். மூன்று கல் வைத்து, பழைய சட்டியில் இராசமலர் சூடை மீன் அவித்துக்கொண்டிருந்தாள். தானே சந்திக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள். கலியாணம் முடித்து நாற்பத்தாறு வருடம். கொடி நாளில் எங்கள் வளவுக்குள் மீன் மணந்ததில்லை.

"இஞ்சருங்கோ, கிட்ட வராதேங்கோ. நீங்கள் விரதம்."

"முருகன் கோவிக்க மாட்டாரோ?"

"விரதம் எண்டு நேர்ந்தது நானும் நீங்களும். உவன் நேரேல்லை."

மீனைச் சோற்றில் பிசைந்து வைத்தாள். அவன் தின்னத் தொடங்கியதும் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். நான் தடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

தின்றான். கோப்பையை நக்கி நக்கிப் படலைவரை தள்ளிக்கொண்டு போனான். படலை திறந்திருந்தது. தலையை வெளியே நீட்டி றோட்டைப் பார்த்தான். நாங்கள் இருவரும் கூப்பிடவில்லை.

பிறகு திரும்பி வந்தான். மீன் தொட்டதற்காக இராசமலர் கிணற்றடியில் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிய ஈரமண்ணைச் சுரண்டி, அவள் காலடியில் படுத்தான்.

வரும் ஞாயிறு தீர்த்தம் முடிந்திருக்கும், எங்கள் சட்டியிலும் மீன் ஏறும். தின்றுவிட்டு, கையை நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இந்தக் கொப்பியை எடுத்து மிச்சத்தை எழுதுகிறேன்.