குச்சியின் மூன்றாவது பக்கம்

மாப்பிள்ளை,

உன் காரியமெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து, உன் வீட்டம்மா பஸ் ஏறி நான் வேலை பார்க்கும் உப்பளத்துக்கே வந்துவிட்டது. கையில் பழைய வேட்டியில் சுற்றிய நீளமான பொட்டலம். பிரிப்பதற்கு முன்பே டீசல் வாடை வந்தது. நாம் எண்ணெய் அளந்த குச்சி.

"பரண்ல கெடந்துச்சுண்ணே. மாமாகிட்டக் குடுத்துருன்னு கடைசியாச் சொன்னாக" என்றது.

அப்படி ஒரு குச்சியே கிடையாது என்றுதானே விசாரணையில் சொன்னாய்?

உச்சிப்புளிப் பக்கத்து மணற்கேணியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் முனிசிபாலிட்டி பம்ப் ஹவுஸில் நாம் இரண்டு பேர்தான். நான் எஞ்சினைப் பார்த்தால் நீ வால்வைப் பார்ப்பாய். பம்ப் தள்ளும் வேகத்தை அந்தப் பழைய குழாய் தாங்காது என்று வால்வைப் பாதி மூடியே ஓட்டினோம். எஞ்சின் முக்கி முனகும். "மாட்டையும் அடிக்கிறோம், சக்கரத்துக்குக் கட்டையும் குடுக்கிறோம் மாப்ள" என்றேன் ஒருநாள். நீ சட்டென்று பிடித்துக்கொண்டாய். "அப்ப மாட்டை மெதுவா ஓட்டுவோம் மாமா."

எஞ்சினில் பம்புக்கான பெல்ட் ஓடும் சக்கரம் சின்னதாக இருந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும், வால்வை முழுசாகத் திறந்துவிடலாம். முதுகுளத்தூரில் மூடிக்கிடந்த ஒரு அரிசி மில்லில் அப்படியொரு சக்கரத்தை நீதான் தேடிப் பிடித்தாய். சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். "மடியில என்னய்யா, புள்ளையா?" என்று கண்டக்டர் கேட்டாராம். "தலச்சன். கனமாத்தான் இருக்கும்" என்றாயாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

பூவரசங்குச்சியை நான்கு பட்டையாகச் சீவினேன். காலையில் எண்ணெய் டாங்கியை வாய் வரை நிரப்புவோம். சாயங்காலம் குச்சியை விட்டு, எண்ணெய் நிற்கிற இடத்தில் ஒரு வெட்டு. பெரிய சக்கரத்துக்கு முதல் பக்கம்: தினமும் நாலு விரல் இறங்கியது. சின்னச் சக்கரத்துக்கு இரண்டாம் பக்கம்: மூன்று விரல்கூட இறங்கவில்லை. ஊர்த் தொட்டி மட்டும் எப்போதும்போல் அதே நேரத்துக்கு நிரம்பியது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசுக்கு எழுதப்போகிறேன் என்றபோது நீ தடுத்தாய். "எண்ணெய் மிச்சமாச்சுன்னு சொல்லாத மாமா. இம்புட்டு நாளும் எங்க போச்சுன்னுதான் கேப்பாய்ங்க."

நான் கேட்காமல் எழுதினேன். அதையேதான் கேட்டார்கள். இவ்வளவு எண்ணெய் போதுமென்றால் இத்தனை வருஷம் மீதியைக் குடித்தது யார்? பெரிய சக்கரத்தை மறுபடி மாட்டி ஒரு வாரம் அளந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். "ஆபீசுக்கு நீ வேலை சொல்லித் தாறியா?" என்று அதிகாரி வாயை அடைத்தார். அப்படியானால் குச்சி இருக்கிறது, என் கூட்டாளியிடம் கேளுங்கள் என்று தைரியமாக உன் பக்கம் திரும்பினேன்.

நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "குச்சியா? அப்படி ஒண்ணும் நான் பாக்கலைங்க. சக்கரத்தை மாத்துனது, எண்ணெய் ஊத்துனது எல்லாம் பாய்தாங்க."

அதுவரை உன் வாயில் நான் மாமா. அன்றைக்குத்தான் பாய் ஆனேன்.

எண்ணெய்க் கள்ளன் என்ற பெயரோடு வேலை போயிற்று. தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டிய தொழுகை வரிசையில்கூடப் பக்கத்து ஆள் ஒரு விரற்கடை தள்ளி நிற்பதாகவே எனக்குத் தோன்றும். சின்னச் சக்கரத்தைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, வால்வைப் பாதி மூடி, நீ பழையபடி ஓட்டிக்கொண்டிருந்தாய் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகுட்டிக்காரன், பயந்துவிட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குச்சியை அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று உன் வீட்டம்மா கொண்டுவந்து நீட்டியதும் அதைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்திலும் வெட்டுகள். என் கத்தி இல்லை. இடது கைக்காரன் நீ போட்ட சாய்ந்த வெட்டு. நாலு விரல், நாலு விரல், மறுபடியும் நாலு விரல். நான் போன பிறகு, பெரிய சக்கரம் ஏறிய பிறகு, நீ அளந்திருக்கிறாய். நான் கெஞ்சிக் கேட்ட சோதனையைத் தனியாகச் செய்து முடித்து, நான் திருடவில்லை என்று கண்ணால் பார்த்து, அதை வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றியிருக்கிறாய்.

பயத்தில் ஒரு பொய் சொன்னதை என்னால் மன்னித்திருக்க முடியும். இதை முடியவில்லை, மாப்பிள்ளை.

"என்ன குச்சிண்ணே இது?" என்று கேட்டது உன் வீட்டம்மா.

"எண்ணெய் அளக்குறது, தாயி."

"இதுக்கா அவுக அம்புட்டு அழுதாக?"

குச்சியை மறுபடி வேட்டியில் சுற்றினேன். உன் வீட்டம்மா உன்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. கூட நடந்துபோய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

இங்கே கடல் தண்ணீரைப் பாத்திக்கு இறைக்கும் எஞ்சின் என் பொறுப்பு. சின்னச் சக்கரம்தான் போட்டிருக்கிறேன், வால்வு முழுசாகத் திறந்திருக்கும். இன்று காலையில் டாங்கியை வாய் வரை நிரப்பினேன். சாயங்காலம் உன் குச்சியை விட்டு, காலியாக இருந்த நாலாவது பக்கத்தில் ஒரு வெட்டுப் போட்டேன். போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில், "பாரு மாப்ள" என்று நீட்டிவிட்டேன்.

பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு இருந்த ஒரே சாட்சி நீதான்.