5.43க்குள்

நவம்பர் 18, 2024

ஆரணிக்கு வந்து எட்டாவது நாள். லேபில் இன்று பதினேழு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஊசி பிடிக்கும்போது கை நடுங்கவில்லை. "பேரு, வயசு" என்று கேட்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

லேப் நடத்தும் பிலிப் சார் இன்று சொல்லிவிட்டார். "மூணு மாசம் பாப்பேன்மா. சரியா வந்தா நிரந்தரம். இல்லன்னா வருத்தப்படக் கூடாது." வேலை பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை. "சரிங்க சார்" என்றேன்.

ஏன் சரி என்றேன்? சூரியன் மறைந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. ஜைனர் வீடு, பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஹாஸ்டலில் சோறு எட்டரைக்கு. எட்டு நாளாக மதியச் சாப்பாட்டோடு சரி.

சொல்லியிருக்கலாம். காலேஜில் ஒருமுறை சொன்னேன். "ஆறு மணிக்கு மேல துன்னா பல்லு உழுந்துடுமா?" என்று மூன்று வருஷம் சிரித்தார்கள்.

காலண்டரில் பார்த்தேன். இன்று மறைவு 5.43.

நவம்பர் 20

பொய் சொன்னேன். "வீட்டுக்கு ஃபோன் பண்ணணுங்க சார்" என்று 5.20க்கு வெளியே வந்துவிட்டேன்.

கடைவீதி ஓட்டல்களில் ஆண்கள் கூட்டம். உள்ளே போகக் கால் வரவில்லை. பக்கத்துத் தெருவில் திரும்பினால், தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு, தறியில் ஏற்றப்போகும் நீள நூல்களை, இழுத்துக் கட்டியிருந்தார்கள். வழக்கமாகக் காலையில்தான் போடுவார்களாம்; இன்று காலை தூறியதால் சாயங்காலம். "பாவு கீதும்மா, சுத்திப் போ!" என்று ஒருவர் கத்தினார். எந்தப் பக்கம் சுற்றுவது? கேட்கவில்லை. கண்ணில் பட்ட சந்தில் நுழைந்தேன்.

கம்பங்களில் சாயம் போட்ட பட்டு நூல் ஈரமாகத் தொங்கியது. சாக்கடையில் அரக்கு நிறத் தண்ணீர். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல. பயத்திலும் இரண்டு நிமிடம் நின்றுவிட்டேன்.

சந்து முடிவில் ஒரு இட்லிக் கடை. கடைக்கார அம்மா மாவைக் கலக்கிக்கொண்டே, "ஆறு மணிக்கு மேல வா" என்றார்.

வாழைப்பழம் இரண்டு. 5.41.

நவம்பர் 21

மறுபடியும் அதே பொய், அதே சந்து. ஏன் போனேன்? ஆறு மணிக்குத்தான் அடுப்பு என்று தெரியுமே.

"இன்னா பொண்ணு, ரெண்டு நாளா மூச்சு வாங்க ஓடியாற?" என்றார் அந்த அம்மா. பெயர் காசியம்மாள். சொல்லிவிட்டேன். இந்த ஊரில் முதல் ஆள். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

சிரிக்கவில்லை. "அத நேத்தே சொல்றதுக்கு இன்னா? தறிக்காரங்களும் அப்பவே பசிபசின்னுதான் கீறாங்க. மொத ஈடு அஞ்சரைக்கு எடுத்துடறேன். ஜல்தியா வந்துடு."

நவம்பர் 29

நாலு இட்லி. சாக்கடையில் இன்று மாம்பழ மஞ்சள். நேற்று கிளிப்பச்சை. எந்த வீட்டுத் தறி எப்போது நிற்கும் என்று தெரிய ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது வீட்டுத் தறி நின்றால் 5.30. கைபேசியைப் பார்க்கத் தேவையில்லை.

அரிசி ஆலைப் பக்கத்துச் சந்தில் போனால் அவித்த நெல் வாசனை. நேரம் இருந்தால் நாளைக்கு அப்படி.

டிசம்பர் 6

ஜெயப்ரியா அக்காவும் லேபில்தான் வேலை. இன்று எல்லார் முன்னாலும், "யாருடி அது, கரெக்டா அஞ்சே காலுக்கு மணியடிச்சா மாதிரி ஃபோன்? திரும்பி வரும்போது மூஞ்சி பளபளன்னு கீது!" என்றார்.

குனிந்து ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டினேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 11



போளூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பாகுபலி மாமா வேர்க்கடலை விற்க வந்த இடத்தில் என்னைப் பார்த்திருக்கிறார். "சாயங்காலம் சந்து சந்தா சுத்திகினு கீது உம் பொண்ணு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா ஃபோனில் ஒரே வரி: "சனிக்கிழமை வரேன். பொட்டியக் கட்டி வை."

பிலிப் சாரும் கூப்பிட்டார். "யாருன்னு நான் கேக்கல. ஆனா பேஷன்ட் காத்துக்கினு இருக்கும்போது நீ இல்லன்னா நான் இன்னா பண்றது?"

"இல்லைங்க சார்" என்று மட்டும் வந்தது. எது இல்லை?

பெட்டி கட்டவில்லை. கட்டாமலும் இருக்க முடியவில்லை. இந்த ஊரை விட்டுப் போக ஏன் மனசே வரவில்லை? வந்து ஒரு மாதம்தானே.

டிசம்பர் 14

அப்பா ஐந்தேகாலுக்கு லேபுக்கே வந்துவிட்டார். பிலிப் சார், ஜெயப்ரியா அக்கா, ரத்தப் பரிசோதனைக்கு வந்த மூன்று பேர். எல்லார் கண்ணும் என் மேல்.

"சொல்லும்மா, எங்க போற?" என்றார் அப்பா.

"சாப்பிட." என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "இருட்டறதுக்குள்ள சாப்பிடணும். அதுக்குத்தான். ஃபோன்னு சொன்னது பொய்ங்க சார்."

ஜெயப்ரியா அக்காதான் முதலில்: "அடிப்பாவி! இட்லிக்கா இவ்ளோ ரகசியம்?"

பிலிப் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஈஸ்டருக்கு முன்னால லெந்து காலம் வந்தா நானும் நாப்பது நாள் கறி தொடமாட்டேன். எனக்குப் புரியாதுன்னு நெனச்சியா? மணி அஞ்சு இருவது. அப்பாவ இட்டுகினு போ. வந்தப்புறம் பேசலாம்."

அப்பாவும் இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டும். பேசாமல் பின்னால் வந்தார். காசியம்மாள் இரண்டு தட்டு வைத்தார். "அப்பாவா? மூஞ்சிய பாத்தாலே தெரியுது. பேசவும் மாட்டாரா?"

ஆறு இட்லி சாப்பிட்டார். பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. "போளூர் பஸ்ஸுக்கு எப்படிப் போறது?" என்றார்.

"சாயப்பட்டறை முக்குல இடது கைப்பக்கம் திரும்பிடுங்க. தெருவுல பாவு போட்டிருந்தா பின்சந்து. அங்க தறி நாலு, அத தாண்டினா தண்ணித் தொட்டி. நெல் வாசனை வந்தா தப்பா வந்துட்டீங்கன்னு அர்த்தம், திரும்பிடுங்க..."

நடுவில் நின்றேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசி அவர் கேட்டதே இல்லை.

"சரி, நான் போய்க்கிறேன். நீ வேலைக்குப் போ" என்றார்.

டிசம்பர் 15

பெட்டி கட்டில் அடியிலேயே இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஃபோன் இல்லை. பிலிப் சாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வந்தப்புறம் என்றாரே?

டிசம்பர் 16

நோயாளிகள் பார்க்கும் பலகையில் சார் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி: மாலை 5.15 - 5.45 ரத்தம் எடுப்பவர் சாப்பாட்டு நேரம்.

பிப்ரவரி 18, 2025

வேலை நிரந்தரமாகி ஒரு வாரம். ஐந்தேகாலுக்கு ஒருவர் அவசரமாக வந்தார். நான் கையுறையை எடுத்தேன். பிலிப் சார் அதைப் பிடுங்கிக்கொண்டார். "நீ போம்மா. இத நான் பாத்துக்கறேன். சூரியன் உனக்காக நிக்காது."

நிற்கத்தான் செய்கிறது. இன்று மறைவு 6.18.

தெருவில் பாவு இல்லை, நேராகவே போயிருக்கலாம். அரிசி ஆலைப் பக்கமாகச் சுற்றித்தான் போனேன்.